கிரீமுக்கு மாற்று தேங்காய்ப்பாலே

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டத்துக் கல்யாணங்களிலும் மலாக்கா நகர மண்டப விருந்துகளிலும் கிரீம் நுழைந்துவிட்டது. குருமாவிலும் ஊற்றுகிறார்கள், பாயசத்திலும் ஊற்றுகிறார்கள். "இது பால் கிரீம் இல்லை, தாவரக் கிரீம்தான்" என்று சமையல்காரர் சொன்னதும் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்கு முன் டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கேக்குக்கும் பலகாரத்துக்கும் விற்கப்படும் தாவரக் கிரீம்களில் பெரும்பாலானவை, கெட்டியாக்கிய செம்பனை விதை எண்ணெயில் தண்ணீர், சர்க்கரை, நிலைப்படுத்திகள் சேர்த்துச் செய்தவை. சிலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தக் கிரீம் ஆபத்து.

உண்மையான தாவரக் கிரீம் நம் அடுப்படியில் எப்போதோ இருந்தது. 1781இல் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலை எழுப்பிய மலாக்கா சிட்டி சமூகத்தாரின் சமையலில் தேங்காய்ப்பால் இல்லாத விருந்து அரிது. தோட்டத்துத் தமிழர் வீட்டுச் சொதியும் மீன்குழம்பும் அதை நம்பியவைதாம். கோடெக்ஸ் எனும் உலக உணவுத் தர விதிப்படி தேங்காய்ப்பாலில் குறைந்தது 10 விழுக்காடும், தேங்காய்க் கிரீமில் குறைந்தது 20 விழுக்காடும் கொழுப்பு இருக்க வேண்டும். குழம்பைக் கெட்டியாக்க அது தாராளம்.

பக்குவம்தான் முக்கியம். இரண்டாம் பாலில் காயை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, தீயைத் தணித்துக் கிண்டிக்கொண்டே இருந்து, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். தளதளவெனக் கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். நூறு பேருக்குச் சமைப்பவர்கள் டப்பாவை நாடுவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

தேங்காய்ப்பாலும் அளவோடுதான். அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. இதய நோய் உள்ள வீட்டில் அதைத் தினமும் ஊற்றக் கூடாது. அங்கே ஊறவைத்து அரைத்த முந்திரி விழுது குருமாவுக்குப் போதும். அதில் நிறைவுற்ற கொழுப்பு தேங்காய்ப்பாலைவிடக் குறைவு. தேங்காய் விலையும் இடிக்கிறது. தோட்ட லயத்தின் பின்புறத்துத் தென்னையை விட்டு அடுக்குமாடிக்கு வந்தவர்களுக்குத் தேங்காய் இன்று கடைச் சரக்கு. 2025 தொடக்கத்தில் தட்டுப்பாடு வந்தபோது அந்தச் சுமையை நாம் நேரில் உணர்ந்தோம்.

இருந்தாலும் விருந்து நாளில் சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல. கல்யாணத்துக்குச் சமையல் பேசும்போது எந்தக் கிரீம் என்று கேளுங்கள். டப்பாவை வாங்கிப் படியுங்கள். விருந்து சமைக்கும் கோயில் மடப்பள்ளிகள் முதலில் பிழிந்த தேங்காய்ப்பாலுக்குத் திரும்பட்டும், மண்டபங்களும் பின்தொடரும்.