இரைப்பைக்கும் ஓர் எல்லை

ஒரே சட்டியில் சமைத்த சோற்றை ஒரே பாயில் அமர்ந்து உண்ணும் அண்ணன் தம்பியரில் ஒருவர் ஐம்பது வயதிலும் மெலிந்து, நிமிர்ந்து நடக்கிறார். மற்றவரோ முப்பது வயதிலேயே சட்டைப் பொத்தானைப் பூட்ட இயலாமல் தவிக்கிறார். இக்காட்சியை நீங்கள் உங்கள் குடும்பத்திலேயே கண்டிருப்பீர்கள். "அது அவருடைய உடல்வாகு, அல்லாஹ் கொடுத்தது" என்று ஒரு சொல்லில் அதனை முடித்துவிடுவது நம் வழக்கம். உடல்வாகு என்பது உண்டு. பெற்றோர் வழியாக வருவதும் உண்டு. அதனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்த ஒரு சொல்லின் பின்னே நாம் காண மறுக்கும் செய்திகள் பல மறைந்து கிடக்கின்றன.

1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவைன் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பருமன் இல்லாத 16 பேருக்கு, அவர்களுடைய தேவைக்கு மேல் நாள்தோறும் 1000 கலோரி உணவினை எட்டு வாரங்கள் கொடுத்துப் பார்த்தனர். எல்லோரும் உண்டது ஒரே அளவான மிகுதி. ஆனால் ஒருவர் உடலில் ஏறிய கொழுப்பு அரைக் கிலோவிற்கும் குறைவு. மற்றொருவர் உடலிலோ நான்கு கிலோவிற்கும் மேல்! தேகப்பயிற்சியை எவரும் கூட்டிக்கொள்ளவில்லை. பின் வேறுபாடு எங்கிருந்து வந்தது? எழுவது, நிற்பது, நடப்பது, சும்மா இராமல் ஏதேனும் ஒரு வேலையில் கையை வைப்பது ஆகிய சிறு அசைவுகள், மெலிந்தே இருந்தவர்களிடம் அவர்கள் அறியாமலே பெருகியிருந்தன. பருத்தவர்கள் அமர்ந்தே இருந்தனர்.

இதனைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது மதீனாவின் பனூ ஸலிமா குலத்தாரின் வரலாறு. அவர்களுடைய வீடுகள் பள்ளிவாசலுக்குத் தொலைவில் இருந்தன. அருகே வந்து குடியேற அவர்கள் விரும்பினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களோ, அவர்கள் எடுத்து வைக்கும் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்பதை உணர்த்தி, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறு அறிவுரை கூறினார்கள். இது முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ள செய்தியாகும். அந்த அறிவுரை மறுமையின் நன்மை கருதிச் சொல்லப்பட்டது. உடல் மெலிவதற்காகச் சொல்லப்பட்டதன்று. மார்க்கத்தின் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு மருத்துவப் பயனைத் தேடி ஒட்டவைக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடானதும் அன்று. ஆயினும், நாளுக்கு ஐந்து வேளை பள்ளிக்கு நடந்து சென்று நடந்து திரும்பிய நம் பாட்டனார்கள், தேகப்பயிற்சி என்னும் சொல்லையே அறியாமல் மெலிந்திருந்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. இன்று அடுத்த தெருவிலிருக்கும் பள்ளிவாசலுக்கு நாம் மோட்டார் சைக்கிளில் போகிறோம். ஜும்ஆ நாளில் பள்ளியின் வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள்.

நடையைப் பற்றிய செய்தி இவ்வளவு போதும். உண்பதற்கு வருவோம்.

திருக்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயம் 31ஆவது வசனத்தில், உண்பதற்கும் பருகுவதற்கும் இசைவளித்த இறைவன், உடனேயே வரம்பு மீறலைத் தடுத்துவிடுகின்றான். அந்த வரம்பு யாது என்பதனை மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி விளக்குகிறது. திர்மிதீ நூலில் வரும் இந்நபிமொழியை நம்மில் அறியாதார் இலர். வயிற்றை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். ஆனால், அந்நபிமொழியின் முற்பகுதியை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றை விடக் கேடானது எதுவுமில்லை என்று கூறி, முதுகெலும்பை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதுமானவை என்பதைத்தான் பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் கூறினார்கள். அது போதாது என்று எண்ணுபவனுக்கே மூன்றில் ஒரு பங்கு என்னும் கணக்கு! அது நாம் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கன்று. தாண்டக் கூடாத கடைசி வேலி. நாமோ வேலியை வாசற்படியாக்கிக்கொண்டு, அங்கிருந்து உள்ளே நுழைகிறோம்.

மெலிந்தே இருக்கும் மனிதர் ஒருவர் உண்பதை என்றேனும் உற்று நோக்கியிருக்கிறீர்களா? அவர் நமக்குப் பிடித்த பண்டங்களைத் தள்ளிவிடுவதில்லை. பிரியாணியும் உண்கிறார், வட்டிலப்பமும் உண்கிறார். ஆனால், மெல்ல உண்கிறார். பேசிக்கொண்டே, கவளத்துக்கும் கவளத்துக்கும் இடையே கையை ஓய வைக்கிறார். வயிறு நிறைந்தது என்னும் செய்தி மூளைக்கு எட்ட ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகும் என்பர் மருத்துவர்கள். பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவர், அச்செய்தி வந்து சேரும் முன்னரே இரண்டாம் முறை சோற்றை வாங்கிவிடுகிறார். மெல்ல உண்பவரோ, பசி முற்றும் அடங்குவதற்குச் சற்று முன்பே எழுந்துவிடுகிறார். இடையில் ஒரு தேநீர், ஒரு பிஸ்கட், கடையில் நின்றபடி ஒரு சமோசா என்று அவருடைய கை வாய்க்குப் போவதும் அரிது. இரகசியம் இவ்வளவே.

ஆனால், அவரை அவ்வாறு எழ விடுகிறோமா? இங்கேதான் நான் உங்களோடு வாதாட விரும்புகிறேன். விருந்தோம்பல் நம் பெருமை. அதில் ஐயமில்லை. எனினும், "இன்னும் ஓர் அகப்பை, மச்சான்" என்று தட்டை மறைக்கும் கையின் மேலேயே சோற்றைக் கொட்டுவதும், விருந்துக்கு வந்த மருமகன் மூச்சு முட்டும்வரை உண்ணாவிட்டால் மாமியார் முகம் வாடுவதும் விருந்தோம்பலில் சேருமா? போதும் என்பவரின் சொல்லை மதிக்காமை எவ்வகையில் மரியாதை ஆகும்? சர்க்கரை நோயாளி என்று தெரிந்தும், "ஒரு நாளில் என்ன ஆகிவிடும்?" என்று இனிப்பைத் திணிக்கும் அன்பு, அவரை மறுநாள் மருத்துவரிடம் அனுப்பும் அன்பு.

வலீமாக்களைச் சொல்லவே வேண்டாம். ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது ஓர் ஆட்டை அறுத்து அண்ணலார் (ஸல்) அவர்கள் விருந்தளித்தார்கள். தம் மற்ற துணைவியரை மணந்தபோது அத்துணைச் சிறப்பான விருந்து அளிக்கவில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழமும் உலர்ந்த பாலாடைக்கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன. இரண்டும் புகாரியில் உள்ளவை. நம் திருமண மண்டபங்களில் பிரியாணி, நெய்ச்சோறு, தால்ச்சா, பொரித்த கோழி, இரண்டு வகை இனிப்பு, அதற்கு மேல் ஐஸ்கிரீம். அடுத்த வீட்டார் ஐந்து வகை வைத்தார்கள் என்பதற்காக நாம் ஆறு வகை வைக்கிறோம். உண்பவரின் வயிறு இந்தப் போட்டிக்கு மைதானமாகிறது.

கடலோர ஊர்களில் சிலர் கூடி ஒரே சஹனில் உண்ணும் அழகிய வழக்கம் உள்ளது. இருவர் உணவு மூவருக்கும், மூவர் உணவு நால்வருக்கும் போதும் என்னும் நபிமொழிக்கு அது கண்கண்ட சான்றாகும். தன் பக்கம் உள்ளதையே எடுக்க வேண்டும் என்னும் ஒழுக்கமும் அதனுள் அடங்கியுள்ளது. ஒரு தட்டில் நால்வர் உண்ணும்போது எவரும் அளவு மீறத் தயங்குவர். ஆனால், சஹன் காலியாகும் முன்பே மேலும் மேலும் கொட்டப்படுமாயின், அந்தப் பகிர்வின் பொருள் எங்கே போயிற்று?

நம் இல்லத்து அன்னையரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் உண்டபின் கடைசியாக உண்பவர் உம்மா. பிள்ளைகள் மிச்சம் வைத்த தட்டுகளைக் கண்டு, "வீண் விரயம் பாவமாயிற்றே" என்று அஞ்சி, அவற்றையும் தாமே உண்டு முடிக்கிறார். ஏற்கெனவே வயிறு நிறைந்தவர் தேவையில்லாமல் உண்ணும் அந்தச் சோறும் விரயமே அன்றோ? குப்பைக் கூடையில் போனால் விரயம், குடலில் போனால் நன்மை என்று எந்த நூல் சொல்லிற்று? விரயத்தைத் தடுக்கும் இடம் சோறு ஆக்கும் பானை. அரிசியை அளக்கும் போதே ஒரு பிடியைக் குறைக்கலாம். பிள்ளையின் தட்டில் முதலில் பாதியளவே வைத்து, கேட்டால் மீண்டும் வைக்கலாம். மிஞ்சியதை அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். தாளிக்கும் எண்ணெயும் அவ்வாறே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உள்ளது. அதனைக் கரைக்க ஏறத்தாழ அரை மணி நேரம் நடக்க வேண்டும். குறைத்தால் சுவை ஒன்றும் கெட்டுவிடாது. நான்கு நாளில் நாக்கு பழகிவிடும்.

நோன்பு மாதம் இவற்றையெல்லாம் திருத்த வேண்டிய மாதம். அரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் இட்டுக் காய்ச்சும் நோன்புக் கஞ்சி நல்ல உணவே. அதனைச் சுற்றி அணிவகுக்கும் வடை, சமோசா, பஜ்ஜி, நிறமூட்டிய சர்பத் ஆகியவைதாம் தொல்லை. ரமலானில் உடல் எடை சிறிது குறைவதையும், பெருநாள் கழிந்த சில வாரங்களில் அது திரும்ப ஏறிவிடுவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. பதினான்கு மணி நேரம் தண்ணீரையும் துறக்க வல்ல மனிதருக்கு, மஃரிபுக்குப் பின் இரண்டாவது வடையைத் துறக்க முடியவில்லை என்பது எனக்குப் பெரும் வியப்பு!

மற்றொரு வியப்பும் உண்டு. 'நபிவழி உணவு' என்னும் பெயரில் தேனும் கருஞ்சீரகமும் அஜ்வா பேரீச்சையும் பொட்டலங்களாக விற்பனையாகின்றன. அவற்றின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனால், நிறைந்த வயிற்றின் மேல் ஒரு கரண்டித் தேனை ஊற்றிவிட்டு சுன்னத்தைப் பேணியதாக மகிழ்கிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைக் கண்ட காலமெல்லாம் நபியவர்களின் இல்லங்களில் அடுப்பு எரியவில்லை, பேரீச்சம்பழமும் நீருமே உணவு என்று கூறியுள்ளார்கள். சேர்ப்பதில் உள்ள சுன்னத்தை வாங்குகிறோம். விடுவதில் உள்ள சுன்னத்தைக் கடையில் விற்பதில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் உண்ணும் ஒழுங்குகளுக்கு ஒரு தனி நூற்பகுதியும், வயிற்றின் வேட்கையையும் காமத்தையும் அடக்குவதற்குப் பிறிதொரு பகுதியும் வைத்ததன் காரணம் இப்போது விளங்கும்.

மெலிந்தவர்கள் இதைப் படித்து மகிழ்ந்துவிட வேண்டாம். 2004ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளிவந்தது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் சமம், இருவருக்கும் 22.3. ஆயினும் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, நம் நாட்டவரின் உடலிலோ 21.2 விழுக்காடு! பார்வைக்கு ஒல்லியாயிருக்கும் இந்தியரின் வயிற்றுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கக் கூடும் என்பதை அப்படம் உணர்த்திற்று. ஆகவேதான், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்று நம் மக்களுக்கெனத் தனி அளவு வகுத்துள்ளனர். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு நோயாளிகள் 10 கோடிக்கு மேல். அந்நோயின் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கும் மேல். எடைக்கல்லை விடத் தையற்காரரின் அளவு நாடா நமக்கு உண்மையைச் சொல்லும்.

இனி, நான் அஞ்சும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரேனும் தம் வீட்டுப் பருத்த பெண்ணைக் கேலி செய்தால், இதனை எழுதாமல் இருந்திருக்கலாம் என்றே வருந்துவேன். பெண் பார்க்கச் சென்ற இடத்தில் உடலை அளவெடுத்துப் பேசுவோரும், அதற்கு அஞ்சிப் பட்டினி கிடந்து மாத்திரை விழுங்கும் பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, மறுமைத் தராசில் அக்கால்கள் உஹது மலையை விடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். கனத்த உடலினராகிய அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள், கூட்ட நெரிசலுக்கு முன்பே முஸ்தலிஃபாவிலிருந்து புறப்பட இசைவு கேட்டபோது, உடனே இசைவளித்தார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு அண்ணலார் (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றில் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், அன்னை முந்தினார்கள். பின்னர், அன்னைக்குச் சதை பிடித்த காலத்தில் மீண்டும் ஓடியபோது அண்ணலார் முந்தினார்கள். அதற்கு இது ஈடாயிற்று என்று விளையாட்டாகச் சொன்னார்கள். அபூதாவூத் நூலில் உள்ள செய்தி இது. மனைவியின் உடல் பருத்ததைக் கண்ட கணவர் குத்திப் பேசவில்லை, கூடவே ஓடினார்கள். இரவு உணவுக்குப் பின், மனைவியை அழைத்துக்கொண்டு தெருக்கோடி வரையிலேனும் நடந்து வரும் கணவர்கள் நம் மஹல்லாவில் எத்தனை பேர்?