யாரை நோக்கிச் சிரிக்கிறோம்?

சிரிப்பு மனிதனுக்கு மட்டுமே வாய்த்த தனிக் குணம் என்று நாம் பெருமை பேசிக்கொள்ளுகிறோம். அந்தச் சிரிப்பைக் கொண்டு மனிதன் எத்தனை பேருடைய மானத்தைப் பறித்திருக்கிறான் என்பதை மட்டும் எவரும் கணக்கெடுப்பதில்லை. ஒருவனை அடித்தால் அவன் வழக்குத் தொடுக்கலாம். ஏசினால் பதிலுக்கு ஏசலாம். பத்துப்பேர் கூடிய இடத்தில் அவனைப்போலவே பேசிக்காட்டிச் சிரித்தாலோ, அவனும் உடன் சிரித்தாக வேண்டியிருக்கிறது. சிரிக்காவிட்டால் 'ரசனையற்ற மூடன்' என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளுகிறது. ஆகவே பரிகாசம் ஓர் ஆயுதமாகும். அது யார் கையில் இருக்கிறது, யார்மேல் பாய்கிறது என்று கேட்பது மானமுள்ள ஒவ்வொருவருடைய கடமையுமாகும்.

இதற்கு நல்ல பாடம் பிரிட்டிஷ் வானொலியின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1951 முதல் 1960 வரை பி.பி.சி. வானொலியில் 'கூன் ஷோ' என்றொரு ஹாஸ்ய நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. அதை எழுதியவர்களில் முதன்மையானவர் ஸ்பைக் மில்லிகன். 1918ல் இந்தியாவில் அகமத்நகரில் பிறந்து, பூனாவிலும் இரங்கூனிலும் வளர்ந்தவர். இராணுவ அதிகாரிகளையும் பெரிய மனிதர்களையும் கேலி செய்ததில் அந்தக் கோஷ்டியாருக்கு நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தடையில்லை. ஆனால் அதே நிகழ்ச்சியில் மில்லிகனும் அவருடைய தோழர் பீட்டர் செல்லர்ஸும் லால்காகா, பானர்ஜி என்ற இரு இந்தியர்களாகவும் பேசி ஜனங்களைச் சிரிக்கவைத்தார்கள். வானொலியில் கறுத்த முகம் தெரியாது, தலைப்பாகையும் தெரியாது. தெரிவது குரல் ஒன்றே. ஆகையால் இந்தியனுடைய நாக்கு ஆங்கிலச் சொல்லின்மேல் உருளும் விதமே அங்கு நகைப்புக்குரிய பண்டமாயிற்று.

1960ல் செல்லர்ஸ் 'மில்லியனெரெஸ்' என்னும் படத்தில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு இந்திய டாக்டராக நடித்தார். பெர்னார்ட் ஷா எழுதிய மூல நாடகத்தில் அந்த டாக்டர் எகிப்தியர்! எகிப்தியனானால் என்ன, இந்தியனானால் என்ன, ஆளுவோருடைய கண்ணுக்கு எல்லாம் ஒரே சாயந்தானே? அப்படத்தை விளம்பரம் செய்வதற்காக அவரும் சோபியா லாரனும் பாடி வெளியிட்ட 'குட்னெஸ் கிரேஷஸ் மீ' என்ற பாட்டு, இங்கிலாந்தில் குடியேறிய இந்தியரின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் பழிக்கும் வசையாகவும் ஆயிற்று.

நிற்க. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து என்ன செய்தார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். அவர்கள் அழுது புலம்பவில்லை, மனுப்போட்டுக்கொண்டு நிற்கவுமில்லை. 1996ல் சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கிர், நினா வாடியா என்னும் நால்வர், அனில் குப்தா தயாரிப்பாளராயிருக்க, அதே பி.பி.சி. வானொலியில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, அதற்கு 'குட்னெஸ் கிரேஷஸ் மீ' என்றே பெயரிட்டார்கள். எந்தக் கல்லால் அடிபட்டார்களோ அந்தக் கல்லையே வீட்டுக்கு அஸ்திவாரமாக்கிக்கொண்டார்கள். 1998ல் அது தொலைக்காட்சிக்கும் சென்று 2001 வரை நடந்தது.

அவர்களுடைய காட்சிகளில் மிகவும் பேர்பெற்றது ஒன்று. வெள்ளைக்காரர்கள் குடித்துவிட்டு இரவில் இந்தியச் சாப்பாட்டுக்கடைக்குள் புகுந்து, பரிமாறுபவனுடைய பெயரைச் சிதைத்து, இருப்பதில் அதிகக் காரமானது எது என்று வீறாப்பாகக் கேட்பது அந்நாட்டு வழக்கம். இவர்கள் அதை அப்படியே திருப்பினார்கள். பம்பாயில் இந்தியர்கள் சிலர் குடித்துவிட்டு ஓர் ஆங்கிலச் சாப்பாட்டுக்கடைக்குப் போகிறார்கள். வெள்ளைக்காரப் பணியாளனுடைய பெயரைக் கொலை செய்கிறார்கள். இருப்பதில் அதிகச் சப்பென்றிருப்பது எது என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான். ஒரு வசைமொழி உண்டா? ஒரு பிரசங்கம் உண்டா? கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார்கள். பார்த்தவன் தன் முகத்தைத் தானே கண்டான்.

இதைவிட மேலான காரியம் ஒன்றும் செய்தார்கள். அந்தக் கண்ணாடியைத் தங்கள் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார்கள். உலகத்திலுள்ள சகலமும் இந்தியாவிலிருந்தே வந்தது என்று சாதிக்கும் ஒரு தகப்பனார் அதில் வருவார். குடும்பத்தோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, குடும்பத் தொழிலையே செய்வதால் இங்கிலாந்து அரச குடும்பமும் இந்தியக் குடும்பமே என்பது அவர் வாதம்! கபூர் என்ற பெயரைக் கூப்பர் என்றும், ரவீந்திரநாத் என்பதை ராபின்சன் என்றும் மாற்றிக்கொண்டு, தங்களைச் சுத்த ஆங்கிலேயராக எண்ணித் திரியும் குடும்பத்தாரும் வருவார்கள். பிள்ளைகளின் பெருமையை ஏலம் கூறும் தாய்மார்களும் வருவார்கள். 'நம்மவரை நாமே கேலி செய்யலாமா, வெள்ளைக்காரன் சிரிக்கமாட்டானா?' என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: பிறப்பைப் பார்த்துச் சிரிப்பது வேறு; பேதைமையைப் பார்த்துச் சிரிப்பது வேறு. நிறத்தையும் நாக்கையும் ஒருவன் மாற்றிக்கொள்ள முடியாது. வீண் ஜம்பத்தை இன்றைக்கே விட்டுவிடலாம்.

இந்த வித்தை நமக்குப் புதிதுமல்ல. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1949ல் 'நல்லதம்பி' படத்தில், நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் தோரணையிலேயே 'கிந்தனார்' கதையைப் பாடி, ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவன் கல்வியால் உயர்வதைக் காட்டினார். அவர் காட்டிய வழியை விட்டு நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்! இன்று நம் மேடைகளில் கைதட்டல் வாங்கும் ஹாஸ்யம் எது? கறுத்தவளைக் கரி என்பது. பருத்தவனைப் பன்றி என்பது. திக்கிப் பேசுபவனைப் போலத் திக்கிக்காட்டுவது. நகரத்துப் பையன் தோட்டத்துப் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரிக்கிறான். தோட்டத்தில் ஆங்கிலம் கற்ற நம் கிராணிமாரோ, லயத்துப் பெண் எஸ்டேட் ஆபீஸில் உச்சரிக்கும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாலைவரை சிரிக்கிறார்கள். கூப்பர்களும் ராபின்சன்களும் லண்டனில் மாத்திரந்தானா இருக்கிறார்கள்?

எல்லாவற்றிலும் வெட்கக்கேடானது ஒன்று உண்டு. கம்போங் ராஜாவைச் சுற்றிய மலைச்சரிவுகளைப் பாருங்கள். நம் பாட்டிமார் முதுகில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய தேயிலைக் காட்டிலும், அதை அடுத்த காய்கறித் தோட்டங்களிலும் இன்று வங்காளதேசத்தவரும், நேப்பாளிகளும், இந்தோனேசியரும், மியன்மார்க்காரரும் பாடுபடுகிறார்கள். வங்காளதேசத்திலிருந்து வந்தவனுக்கு நம்மவர் இட்ட பெயர் 'பங்களா'. அவன் தாய் தந்தையர் இட்ட பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? அவன் தட்டுத்தடுமாறிப் பேசும் மலாயைப் பேசிக்காட்டாத கல்யாண வீடு உண்டா? கைப்பேசியில் அதைப் படம்பிடித்து ஊரெல்லாம் அனுப்பாத வாலிபர் உண்டா? நம்மை ஒருவன் 'கிளிங்' என்றால் இரத்தம் கொதிக்கிறது. செல்லர்ஸ் நம் நாக்கைப் பழித்தார் என்றால் அது நிறவெறி. நாம் அந்த ஏழையின் நாக்கைப் பழித்தால் அது ஹாஸ்யமோ? துரை இறங்கிப்போன நாற்காலியில் ஏறி உட்காருவதற்குப் பெயர் விடுதலையா?

'வெறும் தமாஷ்தானே, இதற்கு இவ்வளவு ஆத்திரமா?' என்பார்கள். வெறும் தமாஷானால் அதை முதலாளியின் முன்னிலையில், முதலாளியைப் போலப் பேசி நடத்திக்காட்டுங்கள், பார்ப்போம்! அங்கே நடுங்குகிற நாக்கு, கடன்பட்டுக் கப்பலேறி வந்த கூலிக்காரன்முன் மட்டும் துள்ளுவானேன்? அதற்குப் பெயர் தமாஷ் அல்ல, கோழைத்தனம்.

தோழர்களே! சிரிப்பை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. இன்னும் உரக்கச் சிரியுங்கள் என்கிறோம். ஜாதகம் பார்த்து ஜாதியையும் கேட்டுவிட்டுச் சமத்துவம் பேசுபவனைப் பார்த்துச் சிரியுங்கள். கடன்வாங்கிக் கல்யாணப் பந்தல் போடுபவனைப் பார்த்துச் சிரியுங்கள். தோட்டத்து மண்ணை உதறிவிட்டதாக நினைக்கும் கிராணியைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் பாடுபட்டுத் தின்பவனுடைய நிறத்தையும் நாக்கையும் பார்த்து ஒருவன் சிரிப்பு மூட்டினால், அந்த இடத்தில் மாத்திரம் சிரிக்காமலிருங்கள். கேட்பவர் சிரிக்காத பரிகாசம் மறுநாள் மேடையேறாது.