மண்டையில் ஓட்டை போடாமல் மூளைக்குள் வெளிச்சம்

குளத்துத் தண்ணீரில் வாழும் கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசிக்கு, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு புரதம் உதவுகிறது. நீல ஒளி பட்டால் திறந்துகொள்ளும் குட்டிக் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான ஜீனை ஒரு வைரஸில் ஏற்றி நியூரானுக்குள் அனுப்பிவிட்டால், ஒளி பட்டதும் கதவு திறந்து அயனிகள் உள்ளே பாயும், நியூரான் தூண்டப்படும். 2005-ல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசராத், எட் பாய்டன் குழு இதைச் செய்துகாட்டியது. இதுதான் ஆப்டோஜெனிடிக்ஸ்.

சிக்கல் என்னவென்றால், நீல ஒளி மூளைக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் பெரும்பகுதி சிதறிவிடும். அதனால் எலியின் மண்டையில் துளை போட்டு ஆப்டிக் ஃபைபரைச் செருகுவார்கள். பாவம், தலையில் வயரோடு சுற்றும்!

சிவப்பு ஒளி அப்படியில்லை. இருட்டில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 2018-ல் ஜப்பானின் ரிகென் ஆய்வாளர்கள், வெளியிலிருந்து வரும் அகச்சிவப்பை உள்ளேயே நீலமாக மாற்றும் நானோ துகள்களைப் பயன்படுத்தினார்கள். 2020-ல் டைசராத் குழு, கார்மைன் (ChRmine) என்ற அதிநுட்பமான புரதத்தை வைத்து, மண்டையோட்டுக்கு வெளியே இருந்தே எலி மூளையில் 7 மில்லிமீட்டர் ஆழம் வரை நியூரான்களை இயக்கியது. வைரஸையும் ரத்தத்திலேயே செலுத்தினார்கள்.

உடனே "ஆபரேஷனே இல்லாமல்" என்று எழுதிவிடுகிறார்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ரிகென் துகள்களை மூளைக்குள் ஊசியால்தான் போட வேண்டியிருந்தது. கார்மைனில் அந்த ஊசியும் இல்லை, சரி. ஆனால் ஓட்டைதான் போனது, ஜீன் போகவில்லையே! பார்க்கின்சன் நோயாளிக்கு வைக்கும் மின்முனை ஒத்துவராவிட்டால் அணைக்கலாம், வெளியே எடுக்கவும் செய்யலாம். நியூரானுக்குள் போன ஜீனைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. போதாததற்கு, ரத்தத்தில் விட்ட வைரஸ் மூளைக்கு மட்டுமா போகும்? கல்லீரலுக்கும் போகும்.

வெளிச்சம் இல்லாவிட்டால் கதவு மூடியே இருக்குமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அது எப்போதும் அந்நியப் புரதம்தான், விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும். ஆகவே ஊடுருவல் குறைவா என்பதைத் துளையின் அளவை வைத்துச் சொல்லக் கூடாது, எவ்வளவு தூரம் திரும்பி வரலாம் என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகும் நோயாளியிடம் முதலில் சொல்ல வேண்டியதும் அதுதான்.

அந்த 7 மில்லிமீட்டரும் எலிக்குத்தான் பெரிய ஆழம். மனிதனுக்கு மண்டையோட்டின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு. பார்க்கின்சனில் மின்முனை போய்ச் சேரும் இடமோ பல சென்டிமீட்டர் உள்ளே.

துளையே தேவைப்படாத இடம் ஒன்று உண்டு, கண். விழித்திரை நோயால் பார்வை இழந்த 58 வயதுக்காரர் ஒருவருக்கு ஒரு கண்ணில் மட்டும் இதே வகை ஜீன் ஒன்றைச் செலுத்திய செய்தி 2021-ல் வந்தது. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தபின், தனிக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, மேசையில் நோட்டு எங்கே இருக்கிறது என்று அவரே தேடித் தொட்டார். இழக்க அந்தக் கண்ணில் அவருக்கு அதிகம் மிச்சமில்லை.