ஸ்டெம் செல் ஊசியும் விலைக்கு வரும் வயலும்

பொன்னமராவதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 58 வயது. பல வருடமாக ரத்தக்கொதிப்பு. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார், "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றினால் நிறுத்திவிடுவார். ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது வலது கை துவண்டு, வாய் கோணிவிடுகிறது. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகிறார்கள். ஸ்கேன் எடுத்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு. உயிர் தப்பிவிட்டது. ஆனால் வலது பக்கம் இன்னும் வரவில்லை, பேச்சு குழறுகிறது.

ஆறு வாரம் கழித்து, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனின் கைபேசிக்கு ஒரு வீடியோ வருகிறது. படுத்த படுக்கையாக இருந்தவர் 'ஸ்டெம் செல்' ஊசிக்குப் பிறகு எழுந்து நடக்கிறார். விசாரித்தால் செலவு லட்சக்கணக்கில். வீட்டில் பேச்சு ஆரம்பிக்கிறது... "கண்மாய்க்குக் கீழ இருக்கிற வயலைக் கொடுத்துடலாமா?"

இது கற்பனை வீடுதான். ஆனால் இந்தக் கேள்வி எந்த வீட்டு வாசலிலும் வந்து நிற்கக்கூடியது. இதற்கு இன்றைக்குச் சொல்லக்கூடிய நேர்மையான பதில் ஒன்றுதான்: வயலை விற்காதீர்கள்.

ஸ்டெம் செல் பொய்யா?

இல்லை. ஸ்டெம் செல் என்பது வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல உயிரணு. நம் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் தினமும் ரத்த அணுக்களை உருவாக்குகின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிவிட்டது. தலசீமியாவும் ரத்தப் புற்றுநோயும் வந்த எத்தனையோ பேர் அந்த சிகிச்சையால் பிழைத்திருக்கிறார்கள். ரத்தத்தை உண்டாக்கும் செல்லைக் கொடுத்தால் அது ரத்தத்தை உண்டாக்குகிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை.

மூளை விஷயம் அப்படி இல்லை. மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களைக் கை நரம்பு வழியாக ஏற்றினால் அவற்றில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது. அவை மூளைக்குப் போய், செத்த நரம்பணுக்களின் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் என்று நினைப்பது தவறு. அவை சுரக்கும் சில பொருட்கள் வீக்கத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் மூளைக்கு உதவலாம் என்பதுதான் விஞ்ஞானிகளின் எதிர்பார்ப்பு. எலிகளிடம் இது நம்பிக்கை தந்தது. மனிதர்களிடம்?

120 பேர் சொன்ன பதில்

இந்தக் கேள்வியை இந்தியாவே சோதித்துப் பார்த்தது. டெல்லி எய்ம்ஸ் தலைமையில் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து 120 பக்கவாத நோயாளிகளை எடுத்துக்கொண்டன. பாதிப் பேருக்கு அவர்களுடைய மஜ்ஜை செல்களையே ஏற்றினார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. முடிவு 2014-ல் 'ஸ்ட்ரோக்' இதழில் வெளியானது. அன்றாட வேலைகளைத் தானாகச் செய்யும் திறனுக்கு 100-க்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்து ஊசி போட்டவர்களின் சராசரியும் 63-ஐ ஒட்டியே இருந்தது, போடாதவர்களின் சராசரியும் 63-ஐ ஒட்டியே இருந்தது. ஊசியால் ஆபத்து எதுவும் தெரியவில்லை, பலனும் தெரியவில்லை.

இது ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் செய்த ஆய்வு. குழாய் வெடித்து வரும் ரத்தக்கசிவில் நடந்தவை இன்னும் சிறிய, ஆரம்பகட்டப் பரிசோதனைகள். அடைப்பிலேயே நிரூபணம் ஆகாத ஒன்றை, அதைவிடக் குறைவாகச் சோதித்த கசிவுக்கு லட்ச ரூபாய் விலை வைத்து விற்பது எந்த நியாயத்தில் சேரும்?

வீடியோவில் நடப்பவர் பொய்யா?

அவரும் பொய் இல்லை. அவர் நிஜமாகவே நடந்திருக்கலாம். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

மூளைக்குள் கசிந்த ரத்தம் கட்டியாகி சுற்றியுள்ள பகுதியை அழுத்துகிறது. அழுத்தப்பட்டதெல்லாம் செத்துவிடுவதில்லை. வாரக்கணக்கில் கட்டி கரைய, வீக்கம் வடிய, அமுங்கிக் கிடந்த பகுதி மெல்ல விழிக்கிறது. அதனால்தான் கசிவில் உயிர் பிழைத்தவர்களில் பலர் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் கணிசமாகத் தேறுகிறார்கள். ஊசி போடுவதும் பெரும்பாலும் இதே காலத்தில்தான்! சேவல் கூவியது, பொழுதும் விடிந்தது. பொழுதை விடிய வைத்தது சேவல் என்று பில் போட்டால் எப்படி? சேவல் கூவாத ஊரிலும் பொழுது விடிந்ததா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்த 120 பேர் ஆய்வில் ஊசி போடாத பாதிப் பேர் அதற்காகத்தான் இருந்தார்கள்.

"முயன்று பார்ப்பதில் என்ன நஷ்டம்?"

நியாயமான கேள்வி. அப்பா கட்டிலில் கிடக்கும்போது பிள்ளைக்குக் கை கட்டி உட்கார மனசு வராது. ஆனால் நஷ்டம் இருக்கிறது. 66 வயது அமெரிக்கர் ஒருவர் பக்கவாதத்துக்காக சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று போய் ஸ்டெம் செல் ஊசிகள் போட்டுக்கொண்டார். பிறகு அவருடைய முதுகுத்தண்டில் ஒரு கட்டி வளர்ந்தது. அதிலிருந்த செல்கள் அவருடையவையே அல்ல, வேறொருவருடையவை! 2016-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் இதை வெளியிட்டது. எல்லா ஊசியும் இப்படி ஆகும் என்பதில்லை. ஆனால் 'போனால் பணம்தானே' என்பது மட்டும் உண்மை இல்லை.

பணமும் சும்மா போவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகளை ஆராய்ச்சியாகவே நடத்த வேண்டும் என்கின்றன. ஆராய்ச்சியில் பங்கேற்பவரிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. ஆக, யாராவது இந்த ஊசிக்கு விலை சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவான ஆராய்ச்சியா? ஆம் என்றால் எங்களிடம் ஏன் பணம்? ஊசி போடாத ஒரு குழுவோடு ஒப்பிடுகிறீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் வராத இடத்தில் எழுந்து வந்துவிடுவது நல்லது.

அப்படியென்றால் எதில் நம்பிக்கை வைப்பது?

பளபளப்பு இல்லாத விஷயங்களில். 2023-ல் 'லான்செட்' இதழில் வந்த 'இன்டராக்ட் 3' ஆய்வில் ரத்தக்கசிவு வந்த 7,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், இந்திய நோயாளிகள் உட்பட. ரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு அதன் விளைவை முறிப்பது... இவ்வளவையும் சேர்த்துச் செய்தபோது ஊனமும் மரணமும் குறைந்தன. இதில் எதற்கும் வயலை விற்க வேண்டியதில்லை. 108-ஐ உடனே கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருமுறை பக்கவாதம் வந்தவர்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால்? 6,105 பேரிடம் நடந்து 2001-ல் வெளியான 'புரோகிரஸ்' ஆய்வில் மூளை ரத்தக்கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை.

ஸ்டெம் செல் ஆராய்ச்சி தொடரட்டும். ஒருநாள் அது ஜெயிக்கவும் செய்யலாம். அப்படி ஜெயித்தால் அந்தச் செய்தி ஆய்வு முடிவாக வரும், 'இன்றே முன்பதிவு செய்யுங்கள்' என்று வராது.

அதுவரை அந்த வயல் இருக்கட்டும். அப்பா மெல்லத் தேறி, ஒரு கையில் கம்பை ஊன்றி, இன்னொரு கையை மகன் தோளில் போட்டு வரப்பு வரைக்கும் நடந்து போகும்போது, பார்ப்பதற்கு அங்கே அவருடைய வயல் இருக்க வேண்டும் அல்லவா?