வெயில் இலவசம், விளக்கு இலவசமல்ல

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை கோவண்டியில் ஊர்ச் சங்கக் கூட்டம். நெல்லைப் பக்கத்துச் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சோலார் போட்டுக் கொடுக்க வசூல். நாளைக்குப் பேட்டரி போனால் யார் மாற்றுவது என்று கேட்டேன். "வெயிலுக்கு எவனாவது பில் போடுவானா அண்ணாச்சி? ஒரு தடவை மாட்டிட்டா இருபத்தஞ்சு வருசத்துக்குக் கவலையில்ல" என்றார் ஒரு நிர்வாகி. கூட்டம் கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபத்தைந்து வருடம் உழைப்பது பேனல். பேட்டரி உழைக்காது. ஈய அமில பேட்டரி நாலைந்து வருடம் தாங்கினாலே பெரிது. அதுவும் டிஸ்டில்ட் வாட்டர் அளவு பார்த்து ஊற்றிக்கொண்டே இருந்தால். வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். எந்த நிர்வாகி போய் ஊற்றப் போகிறார்? பேட்டரியே வேண்டாம், மின்வாரிய லைனோடு சேர்த்துவிடலாம் என்று அடுத்த மேதை கிளம்புவார். அப்படி லைனோடு சேர்க்கிற இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உயிரைக் காக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கரண்ட் கட்டுக்குப் பயந்து சோலார் வாங்கிய பள்ளி, கரண்ட் கட்டில் இருட்டிலேயே கிடக்கும்.

தர்னாய் என்ற ஊரை இவர்கள் கேள்விப்பட்டதுண்டா? பீகாரில், ஜஹானாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. முப்பது வருடம் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர். 2014 ஜூலையில் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் திறந்தது. வீடு, கடை, பள்ளி, தெருவிளக்கு எல்லாம் எரிந்தன. நாடே மெச்சியது. ஊராரோ டிவி, ஃபிரிட்ஜ் ஓட்டக்கூட உதவாத இந்தக் கரண்ட் போதாது, அசல் கரண்ட் கொடுங்கள் என்று பீகார் அரசியல் தலைவர் நிதீஷ் குமாரிடமே கேட்டார்கள். சில வருடங்களில் பேட்டரிகள் செத்தன. பழுது பார்க்க ஆளில்லை. மின்நிலையம் மாடு கட்டும் இடமானது. தர்னாயில் வெயிலா வற்றிப்போனது? பேனலா உடைந்தது? பேட்டரிக்குப் பணமும், பார்க்க ஆளும் இல்லை. அவ்வளவு பெரிய அமைப்புக்கே அந்தக் கதி என்றால், வசூல் முடிந்ததும் கல்வெட்டில் பெயர் பொறிக்க அலையும் நம் சங்கம் எந்த மூலைக்கு?

வெயிலுக்குப் பில் இல்லை, அது எல்லாருக்கும் பொது என்ற பேச்சையும் இத்தோடு நிறுத்துங்கள். நம் கோவண்டியிலேயே நட்வர் பாரேக் காம்பவுண்ட் இருக்கிறது. வளர்ச்சித் திட்டங்களுக்காகக் குடிசைகளை இடித்து, அந்த மக்களைக் கொண்டுவந்து ஏழு மாடிக் கட்டடங்களில் அடைத்தார்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மூன்று மீட்டர்தான் இடைவெளி. கீழ்த்தள வீடுகளில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். வெளிச்சமும் காற்றும் நுழையாத இந்த வீடுகளுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை 2018இல் 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பின் ஆய்வு எடுத்துக் காட்டியது. வெயிலுக்குப் பில் இல்லையாம்! இங்கே நுரையீரலால் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் சோலாரே வேண்டாமா என்றால், அப்படியில்லை. ராஜஸ்தானின் திலோனியாவில், பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் சோலார் விளக்கில் இரவுப் பள்ளியில் படித்தார்கள். அங்குள்ள பேர்ஃபுட் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கே விளக்கைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றுக் கொடுத்தது. ஆளைத் தயார் செய்தார்கள், விளக்கு எரிந்தது.

சங்கத்துக்கு நான் சொல்வது இதுதான். பத்துப் பேனல் வேண்டாம், ஐந்து போதும். மிச்சப் பணத்தைப் பேட்டரிக்கென்று பள்ளியின் பெயரில் வங்கியில் போடுங்கள். ஊரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு வேலை கற்றுக் கொடுத்து மாதச் சம்பளம் கொடுங்கள். இதைச் செய்யாமல் மாட்டுகிற ஒவ்வொரு பேனலும் இன்னொரு தர்னாய்தான்.