ரிப்பேர் பட்டியலுக்குச் சம்மதம் அளிக்குமுன்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதற்கு நம் கிராமங்களில் முன்னாளில் இரட்டை மாட்டு வண்டியே துணையாயிருந்தது. இப்போது அந்த இடத்தைப் பிக்கப் என்று வழங்கும் சிறு சரக்கு மோட்டார் வண்டி பெரும்பாலும் பெற்றுவிட்டது. தக்காளிப் பெட்டி, வாழைத்தார், பால் கேன், உரமூட்டை யாவும் அதிலேயே ஏறி இறங்குகின்றன. வண்டி நான்கு நாள் நின்றுவிட்டால் பறித்த காய் அழுகும். கடன் தவணையோ நிற்காது. இத்தகைய நெருக்கடியில் ஏஜென்ஸியின் ஒர்க்ஷாப்புக்குச் செல்லும் விவசாயி, அவர்கள் நீட்டும் பட்டியலைப் படித்துப் பாராமலே கையெழுத்திட்டு விடுகிறார். இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதே எமது அபிப்பிராயம்.

மாடு வாங்கும்போது நாம் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், ஏரில் பூட்டி நடத்திப் பார்க்கிறோம். அவ்வளவு விசாரணை செய்யும் நாம், ஒரு போகத்தின் லாபத்தையே விழுங்கக்கூடிய ரிப்பேர் செலவுக்கு ஒரு கேள்வியும் கேளாமல் தலையசைப்பது விந்தையே. பட்டியலை எழுதுகிறவர் வண்டியின் வைத்தியர் மாத்திரமல்லர். மருந்து விற்கும் கடைக்காரரும் அவரே. வேலையும் உதிரிப் பாகங்களும் மிகுந்தால் ஸ்தாபனத்துக்கு வருமானம் மிகும். இதனால் அவர் சொல்வது பொய்யென்று ஆகிவிடாது. ஆயினும் அது ஆராயத்தக்கது என்பது தெளிவு.

பட்டியலிலுள்ள ஒவ்வொரு வேலையைக் குறித்தும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இவ்வேலை அவசியம் என்பதற்குக் கண்ட அறிகுறி யாது? அதை எந்த அளவையால் அல்லது சோதனையால் அறிந்தீர்கள்? இன்று செய்யாது விட்டால் நேரும் தீங்கு யாது? இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைக்குமாயின் வேலையைச் செய்விப்பதே முறை. "எல்லோரும் மாற்றுகிறார்கள்", "இத்தனை கிலோமீட்டர் ஓடிவிட்டது" என்பவை மட்டுமே விடையாயின், வண்டியுடன் கொடுத்த உரிமையாளர் கையேட்டைத் திறந்து பார்ப்பது நலம். எந்தப் பாகத்தை எப்போது சோதிப்பது, எப்போது மாற்றுவது என்பதை வண்டி செய்த கம்பெனியே அதில் அச்சிட்டிருக்கிறது. கையேட்டில் இல்லாத எஞ்சின் கழுவல், கரி நீக்கம் போன்றவை பட்டியலில் இருப்பின் காரணம் கேட்டறிய வேண்டும்.

சில உதாரணங்கள் கூறுவோம். டீசல் எஞ்சினில் புதிதாக ஊற்றிய எண்ணெய் சில நாள் ஓட்டத்திலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது அவ்வெண்ணெயின் தொழில். ஆதலால் நிறம் ஒன்றையே காட்டி எண்ணெய் கெட்டதென்பது போதிய காரணமன்று. பிரேக் லைனிங் தேய்ந்துள்ளதா என்பதை மில்லிமீட்டரில் அளந்து காட்டலாம். சுழலும் டிஸ்க்கின் மீதே குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். பாட்டரி மாற்றவேண்டும் என்றால் வோல்ட் மீட்டரைப் பிடிக்கச் சொல்லலாம். நன்றாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி, வண்டி ஓய்ந்திருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை காட்டவேண்டும். பூத்துப்போன முனைகளைச் சுத்தம் செய்தாலே பல வேளை கோளாறு நீங்கிவிடும்.

கம்ப்யூட்டரைப் பொருத்திக் குற்றக் குறியெண் கண்டதாகச் சொல்வதும் இந்நாளில் வழக்கம். அந்த எண் எந்தப் பகுதியில் கோளாறு தென்பட்டது என்பதைக் குறிக்குமேயன்றி, எந்தப் பாகம் கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாது. சென்சர் ஒன்றின் எண் தோன்றினால் சென்சர் கெட்டிருக்கலாம். எலி கடித்த வயரோ தளர்ந்த இணைப்போகூடக் காரணமாயிருக்கலாம். எண்ணை எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டால் வேறொரு மெக்கானிக்கின் கருத்தையும் அறியலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளுக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் புகைக்கரியைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னிடம் சேரும் கரியைச் சூட்டினால் தானே எரித்துக்கொள்ளும். வயலுக்கும் ஊருக்குமாகக் குறுந்தூரமே ஓடும் வண்டியில் போதிய சூடு ஏறாமையால் கரி அடைந்து எச்சரிக்கை விளக்கு எரியும். விலை மிகுந்த இவ்வடிகட்டியை மாற்றவேண்டும் என்று உடனே சொன்னால், கையேட்டில் கூறியபடி நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டிச் சுத்திகரித்தார்களா, அல்லது ஒர்க்ஷாப்பிலேயே கம்ப்யூட்டர் மூலம் எரித்துப் பார்த்தார்களா என்று கேட்பது அவசியம்.

மறுபக்கத்தையும் சொல்லுதல் நியாயம். வண்டிக்காரர் பக்கமும் பிழைகள் உண்டு. தூசி மிகுந்த மண்பாதையிலும் அதிக பாரத்திலும் ஓடும் வண்டிக்கு எண்ணெயும் காற்று வடிகட்டியும் சாதாரணக் கெடுவுக்கு முன்னரே மாற்றவேண்டியவை. கடினமான உபயோகத்துக்கெனக் கையேடுகளில் தனி அட்டவணையே காணப்படும். சில வண்டிகளுக்கு 32.5 சதவீத யூரியாக் கரைசல் தேவை. வயலுக்கிடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் சிக்கனமாகும் என்று எண்ணுவது பெருந்தவறு. 2015 முதல் நம் நாட்டு மானிய யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது, அது வண்டியின் நுட்பமான கருவிகளைக் கெடுத்துவிடும், உத்தரவாதமும் போய்விடும். பிரேக், ஸ்டியரிங், டையர் ஆகிய மூன்றிலும் பேரம் பேசலாகாது. தேய்ந்த பிரேக்கோடு ஆள் ஏற்றிச் செல்பவர், மிச்சம்பிடித்த காசைவிடப் பன்மடங்கு இழக்க நேரும்.

ரிப்பேருக்கு விடுமுன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுக. "என் சம்மதமின்றி மேல்வேலை செய்யலாகாது" என்று வேலைச் சீட்டிலேயே எழுதிக் கையொப்பமிடுக. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பெறுக. உத்தரவாதக் காலத்துக்குட்பட்ட வண்டியாயின் பட்டியலிலுள்ளவற்றில் எவை இலவசம் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். கெடு தவறாது செய்வித்த சர்வீஸ் ரசீதுகளை ஒரே கோப்பில் வைத்திருப்பவருக்கே உத்தரவாதம் கோருவதில் வலிமை உண்டு.

சட்டமும் நம் பக்கம் இல்லாமலில்லை. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி தடுத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014-ஆம் ஆண்டில் 14 கார் உற்பத்தியாளர்கள்மீது 2,500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அபராதம் விதித்தது. அதன்மேல் மேல்முறையீடுகளும் எழுந்தன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். வணிக நோக்கமுள்ள உபயோகத்தை அச்சட்டம் விலக்கியபோதிலும், சுயதொழிலால் ஜீவனம் செய்வதற்கென்றே வண்டியை உபயோகிப்பவரை விலக்கவில்லை. சம்பவம் நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். வக்கீல் வைப்பது கட்டாயமன்று. அதற்குமுன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கலந்துகொள்ளலாம். எழுத்தில் ஆதாரம் இல்லாதவருக்கு எச்சட்டமும் பெரிதும் உதவாது என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஊரிலுள்ள வண்டிக்காரர்கள் தாம் செய்வித்த வேலை, கொடுத்த தொகை, நீடித்த காலம் ஆகியவற்றைக் குறிக்கும் பொதுப் புத்தகம் ஒன்றைச் சங்கத்தில் வைக்கலாம். ஒரே வேலைக்கு ஒருவரிடம் ஒரு தொகையும் மற்றொருவரிடம் வேறு தொகையும் வாங்கியிருந்தால் அது அப்புத்தகத்தில் வெளிப்பட்டுவிடும். வோல்ட் மீட்டரும் எண் வாசிக்கும் சிறு கருவியும் சங்கத்தின் பொதுச் செலவில் வாங்கிவைக்கத் தக்கவையே. நேர்மையான ஒர்க்ஷாப்பார் கேள்வி கேட்கும் வாடிக்கைக்காரரை வெறுக்கமாட்டார்கள். அளந்து காட்டவும் தயங்கமாட்டார்கள். அத்தகையோரிடம் ஊரார் ஒருமித்துச் செல்வார்களாயின், மற்றவர்களும் அம்முறையைக் கைக்கொள்ள வேண்டியவராவர். வயலில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் காரணம் தெரியாத பட்டியலில் கரைந்துபோகாமல் காப்பதும் விவசாயத்தின் ஒரு பகுதியே.