தணிக்கைக்கு மறுஅச்சு

வெர்டியின் 'ரிகொலெட்டோ' முழு வாத்திய ஸ்கோரின் மறுஅச்சு ஒன்று என் மேஜைமேல் கிடக்கிறது. மிலான் ரிகார்டி நிறுவனத்தின் பழைய பதிப்பை அப்படியே படமெடுத்து அச்சிட்டது. இதைப் பார்த்துவிட்டுப் போன நண்பர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: அசல். எனக்கு இந்த வார்த்தையோடுதான் சண்டை.

மூன்றாம் அங்கம். மாந்துவா நகருக்கு வெளியே, மின்சியோ நதிக்கரையில் ஒரு பாழடைந்த விடுதி. அதை நடத்துகிறவன் கூலிக்குக் கொலை செய்கிற ஸ்பாராஃபுச்சிலே. தன் மகள் ஜில்தாவைக் கெடுத்த பிரபு எப்பேர்ப்பட்டவன் என்று அவளுக்கே காட்ட, ரிகொலெட்டோ அவளைச் சுவர் விரிசலருகே நிறுத்துகிறான். பிரபு உள்ளே நுழைந்து இரண்டு விஷயங்கள் கேட்கிறான். அச்சான ஸ்கோரில் அவன் கேட்பது ஒரு அறையும் மதுவும். உடனே ரிகொலெட்டோ, இதுதான் இவன் நடத்தை என்று மகளிடம் கசந்துகொள்கிறான்.

விடுதிக்கு வந்தவன் அறை கேட்டால் அதில் என்ன ஒழுக்கக்கேடு? வருஷக்கணக்காக இதைப் பாடியவர்களும் நடத்தியவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வெர்டி கைப்பட எழுதிய பிரதியில் பிரபு அறை கேட்கவில்லை. விடுதிக்காரனின் தங்கையைக் கேட்கிறான். தங்கையும் மதுவும். இப்போது தகப்பனின் கசப்புக்கு அர்த்தம் வருகிறது. சுவருக்கு வெளியே நிற்கும் பெண்ணின் மேல் விழுந்த அடியும் புரிகிறது.

1851ல் வெனிஸ் ஆஸ்திரியர் கையில் இருந்தது. கதையையே தடைசெய்து பிறகு அரைமனதாக இறங்கிவந்த தணிக்கைக்காகச் செய்த மாற்றம் இது. 1866ல் ஆஸ்திரியர் வெனிஸை விட்டுப் போய்விட்டார்கள். அறை போகவில்லை. கைப்பிரதியோ ரிகார்டியின் காப்பகத்திலேயே இருந்தது. பெட்டிக்குள் தங்கை, அச்சில் அறை. மார்ட்டின் சூசிட் பதிப்பித்த விமர்சனப் பதிப்பு 1983ல் வந்து தங்கையை மீட்டது. இன்றும் பல மேடைகளில் அறையைத்தான் கேட்கிறார்கள். கேட்டால் மரபு என்கிறார்கள்.

சங்கீதம்தானே முக்கியம், இரண்டு வார்த்தையில் என்ன, என்று ஒரு நண்பர் கேட்டார். இரண்டு பாடமும் அதே ஸ்வரங்களில் கச்சிதமாக உட்காருகின்றன. அதுதான் ஆபத்து. காது கண்டுபிடிக்காது. கைப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிற கண்தான் கண்டுபிடிக்கும். அந்த உழைப்பைத்தான் மறுஅச்சு தவிர்த்துவிடுகிறது.

மறுஅச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. இத்தாலிய ஆபராக்களின் வாத்திய ஸ்கோர்கள் நெடுங்காலம் அரங்குகளுக்கு வாடகைக்கு மட்டுமே போயின. வெளியாளுக்குக் கிடைத்தது பியானோச் சுருக்கம். எந்த இடத்தில் எந்த வாத்தியம் நுழைகிறது என்பதை நான் கண்ணால் பார்த்ததே இப்படிப்பட்ட மறுஅச்சுகளில்தான். அந்தக் கடன் எனக்கு உண்டு. மூன்று தலைமுறை நடத்துனர்கள் எதை வைத்து நடத்தினார்கள் என்பதற்கும் இது சாட்சியம். சாட்சியம் என்று சொல்லி விற்கட்டும். முன்னால் ஒரு பக்கம் சேர்த்து, இது யார் பாடம், எந்த வருஷத்துப் பாடம், இதில் யார் கை பட்டிருக்கிறது என்று எழுதட்டும். என்னிடமுள்ள பிரதியில் அந்த ஒரு பக்கம் இல்லை.

வெனிஸ் தணிக்கை அதிகாரி செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். சம்பளமில்லாமல் அவன் வேலையைத் தொடர்ந்து பார்ப்பது ரசனையாகாது.